பொறவு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க நர்ஸம்மா. இந்தப் பையை மடியிலயே வச்சிக்கிடுதேன். கீழ வைக்க மனசு வரல, உள்ள வேதப்புஸ்தகம் இருக்கு. சன்னல் பக்கம் நீங்களே இருங்க. காத்து அடிச்சா எனக்குத் தொண்டை கட்டிக்கிடும், இன்னைக்குத் தொண்டை கட்டினா நான் கெட்டேன். பாளையங்கோட்டையில பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். சுத்துப்பட்டு ஊருச் சபையெல்லாம் சேந்து, சேகரம் சேகரமா பொம்பளைங்க வாராக. அத்தனை பேருக்கும் முன்னால நான் சாட்சி சொல்லணும். கோர்ட்டு சாட்சின்னு நெனைச்சிராதீங்க. ஆண்டவர் நமக்குச் செஞ்ச நன்மையை எந்திரிச்சு நின்னு சொல்லுவோம்லா, அது.

நர்ஸுன்னு எப்படிக் கண்டுபிடிச்சான்னு பாக்கீங்களா? பை ஜிப்பு திறந்துல்லா கிடக்கு, வெள்ளை யூனிபாரம் தெரியுது. என்னமோ சொல்ல வாரீங்க, இருங்க, முதல்ல நான் ஒண்ணு கேட்டுக்கிடுதேன், இல்லன்னா மறந்துரும். பக்கவாதம் ஒருதடவை வந்தாச்சு. வலது பக்கம் பூரா விழுந்துட்டு, பேச்சும் போயிட்டு. ரெண்டாவது வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அது வாரதுக்கு முன்னால ஏதாச்சும் அடையாளம் காட்டுமா? உங்களுக்கும் தெரியாதா. சரி, யாருக்குத்தான் தெரியும்.

எங்க வீட்டுக்காரருக்குத்தான். ஞானசிகாமணின்னு பேரு. ஞானம் பேரோட நின்னுபோச்சு. நான் உபதேசியார் மகள் நர்ஸம்மா. எங்கப்பா மணியடிச்சு, ஜெபம் நடத்தி, ஊரையே முழங்கால் போட வச்ச மனுஷன். அவரு மகளைக் கொண்டுபோய் சினிமா தியேட்டர் ஆப்பரேட்டருக்குக் கட்டிக் கொடுத்தாக. பொண்ணு பாக்க வந்தப்ப எலக்ட்ரிக் வேலைன்னு சொன்னாக. பொய்யின்னும் சொல்ல முடியாது பாருங்க, கரண்டுலதானே படம் ஓடுது. ஞாயித்துக்கிழமை கோயில் மணி அடிக்கும், நான் சேலைக்குப் பின்னு குத்திட்டு நிப்பேன், அவுக காலைக் காட்சிக்கு சைக்கிளை எடுத்துட்டுப் போயிருவாக. கோயில்ல ஊருக்கே சோறு போடுற அசனப் பண்டிகைக்கு மட்டும் வருவாக. ஆராதனைக்கு இல்ல. கறிச்சோறு வாங்க ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா நிப்பாக. எனக்கு மானம் போகும்.

கேட்டா ஒரே பதில்தான். "லீலா, பாதியில விட்டுட்டு வர முடியாதுட்டி. படம் நின்னா சனம் நாற்காலியைப் பிச்சிரும்" அப்படிம்பாக. ஆயுசு பூரா இதைத்தான் சொன்னாக.

மணி என்ன ஆகுது? நேரத்துக்குப் போயிருவோமா? இந்த டிரைவரு என்ன இப்படி ஆமை மாதிரி ஓட்டுதாரு.

விழுந்த பொறவு அவுக பாடு கட்டிலும் டிவியும்தான். எங்க அக்கா மகன் ஒருநாள் வந்தவன், மாமாவுக்குப் பொழுது போகட்டும்னு பென்டிரைவுல படம் ஏத்திக் கொண்டாந்து டிவியில சொருகிட்டுப் போயிட்டான். பூராவும் சைனாக்காரன் சண்டை. ஆனா பாருங்க, நல்லாத் தமிழ் பேசுதான். அதுல ஒரே ஒரு படத்தைத்தான் அவுக திரும்பத் திரும்பக் கேட்பாக. வாயால எங்க கேக்க, இடது கையால டிவியைக் காட்டுவாக. நான் தலையில அடிச்சிக்கிட்டேன். சாகப்போற காலத்துல இதையா பாப்பாக? போற வழிக்கு ஒரு சங்கீதம் கேட்டா ஆகாதா? இந்த "ஹா, ஹூ" சத்தத்தோடயா ஒரு மனுஷன் ஆண்டவர் முன்னால போய் நிக்கணும்? எனக்கு அழுகையா வரும், ஆத்திரமா வரும். எனக்கு அவுக ஆத்துமாதான் கவலை. கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவுக மனசாரக் கையெடுத்து, ராப்போஜனத்து அப்பமும் திராட்சரசமும் வாங்கிட்டாகன்னா எனக்கு அது போதும். இல்லன்னா அவுக ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்லா ஆயிரும் மேல போன பொறவு. அதை நெனைச்சாத்தான் எனக்கு ஒரு இடத்துல உக்கார முடியல.

பொறவா? சொல்லுதேன்.

ஒருநாள் உள்ளி உரிச்சுக்கிட்டே அரைக் கண்ணால பாத்துட்டு இருந்தேன். மலை மேல ஒரு மடம். மொட்டைத் தலையா பூராவும். அதுல ஒருத்தன் தண்ணி சுமக்குதான். ரெண்டு வாளி, நடுவுல கம்பு, படி படியா ஏறுதான். பெரிய சண்டைக்காரனாம், ஆனா இனிமே யாரு மேலயும் கை ஓங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். அது மடத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு தடியன் அவனைக் காலால எத்தி, தண்ணியைக் கொட்டிருதான். இவன் என்ன செய்யணும்? அந்தத் தடியன் காலுல சேறு பட்டுட்டுன்னு, மிச்சத் தண்ணியை ஊத்திக் கழுவி விடுதான் நர்ஸம்மா! என் கையில உள்ளி அப்படியே நிக்கி. ஏ ஆண்டவரே, சீஷர் காலைக் கழுவினது நீருல்லா, இது எப்படி சைனாக்காரன் படத்துல வந்துச்சுன்னு எனக்கு மேலெல்லாம் சிலுத்துட்டு.

பொறவு எந்திரிக்கல. உக்காந்து கண்ணெடுக்காமக் கவனிச்சேன். ஒவ்வொண்ணா வருது. தண்ணி சுமக்குதானா, அது ஜீவத்தண்ணீர். குருவேன்னு கூப்பிடுதானுவளா, போதகரேன்னு வச்சிக்கிடுங்க. குருவைச் சுத்தி உக்காந்து ஒரே பாத்திரத்துல கஞ்சி குடிக்காக, அது ராப்போஜனப் பந்தி. சீஷர்களை எண்ணிப் பாத்தேன், பன்னெண்டு இருக்கணும், பதினொண்ணுதான் வந்துச்சு. ஒருத்தன் தூணுக்குப் பின்னால நின்னிருப்பான், இல்லன்னா அவன்தான் யூதாஸ். ஆண்டவரைத் தெரியாதுன்னு பேதுரு சொன்னப்ப கூவின மாதிரி, ஒரு சேவல் வேற கூவிச்சு! சண்டைக்கு முன்னால ரெண்டு கையையும் நெஞ்சுகிட்ட சேத்துத் தலை குனிஞ்சு ஜெபம் பண்ணிட்டுத்தான் இறங்குதானுவ. நம்ம வாலிபர் சங்கத்துப் பையங்க கிரிக்கெட்டுக்கு முன்னால ஜெபம் பண்ணுதானுவளா? இல்லல்லா.

சரிதான், ஆண்டவர் இவுகளுக்கு இவுக பாஷையிலயே பேச வந்திருக்காருன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. அன்னையில இருந்து நானே படத்தைப் போட்டுவிடுவேன். பக்கத்துல உக்காந்து ரிமோட்டை நான் வச்சிக்கிடுவேன். முக்கியமான இடம் வந்தா நிறுத்துவேன். "பாத்தீகளா, இதான் சாந்தகுணம்." திரும்ப ஓடவிடுவேன். திரும்ப நிறுத்துவேன். "இது யாரு தெரியுதா? பேதுரு. இப்ப மறுதலிப்பான் பாருங்க." அவுக கண்ணை மூடிக்கிடுவாக. மனசுல பட்டிருக்கு, அதான் கண்ணு மூடுதுன்னு நெனைச்சுக்கிடுவேன்.

கடைசியில கொள்ளைக்காரங்க வந்து மடத்தை வளைச்சிருவானுவ. மடத்தை விட்டுருங்க, என்னைக் கொண்டு போங்கன்னு இந்தத் தண்ணிக்காரன் போய் நிக்கான். அடிச்ச அடி இருக்கே! திருப்பி ஒரு அடி? கிடையாது. மூங்கில் கம்பைக் குறுக்க கட்டி, அதுல ரெண்டு கையையும் விரிச்சு வச்சு இவனைக் கட்டிருதானுவ. மழை பெய்யுது. தலை அப்படியே ஒரு பக்கமாச் சாயுது. எனக்கு அந்த இடம் வந்தாலே கண்ணுல தண்ணி கொட்டிரும். உடனே அமுக்கி நிறுத்திருவேன். அந்தப் படம் அப்படியே டிவியில நிக்கும், விரிச்ச கையோட. ரிமோட்டைத் தூக்கி என் வேதப்பையில போட்டுக்கிடுவேன், ஏன்னா ஒருதரம் அவுக இடது கையால பறிக்கப் பாத்தாக. போட்டுட்டு, "வாங்க, இப்ப ஜெபம் பண்ணுவோமா"ன்னு கேப்பேன்.

என்ன சொல்லுவாகங்கீங்க? "பொறவு."

அவுக வாயில மிஞ்சினது அந்த ஒரு சொல்லுதான் நர்ஸம்மா. மத்ததெல்லாம் குழறும், இது மட்டும் தெளிவா வரும். பொறவு. ஜெபம் பண்ணுவோமா? பொறவு. பாவத்தை அறிக்கை பண்ணுவோமா? பொறவு, பொறவு. கையை நீட்டிக்கிட்டு, நெத்தி நரம்பு தெறிக்க. காலமெல்லாம் என்கிட்ட இதைத்தானே சொன்னாக. கோயிலுக்கு வாரீகளா, பொறவு வாரேன். அந்தச் சொல்லுதானா மிஞ்சணும்? ஆண்டவர் பொறவு வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாரா? எனக்கு வாற கோபத்துக்கு டிவியோட சுவிட்சையே அணைச்சிட்டு அடுப்படிக்குப் போயிருவேன். அவுக சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிடுவாக. அன்னைக்குக் கஞ்சி குடிக்க மாட்டாக.

என்ன பஸ்ஸு நின்னுட்டு? கேட்டு போட்டுட்டானா! போச்சு. இந்த ரயிலு வேற இப்பத்தான் வரணுமா? கூட்டம் ஆரம்பிச்சா முதல்ல ஆராதனை, பாட்டு, பொறவு என் சாட்சி. வேணும்னா பாட்டை இன்னும் ஒண்ணு கூட்டிப் பாடுவாக.

பொறவு என்ன ஆச்சா? அதைத்தானே சொல்ல வாரேன், நல்ல இடத்துல கேட்டீங்க.

அவுகளைக் குளிப்பாட்டுறதும் கஞ்சி கொடுக்கிறதும் தினம் ஒரு யுத்தம். இவ்வளவு பெரிய உடம்பு, அதுல நல்லா இருக்கிற ஒரு கையை வச்சு என்னைத் தள்ளுவாக. கரண்டியைத் தட்டி விடுவாக. நானும் லேசுப்பட்டவளா? ஒரு கையைப் பிடிச்சு என் முழங்காலுக்குள்ள இடுக்கிக்கிட்டு, மூக்கைப் பிடிச்சு ஊத்திருவேன். ஒருநாள் காலையில அப்படித்தான், ரெண்டு பேரும் தெப்பமா நனைஞ்சு, சோப்பு நுரை என் கண்ணுல, கஞ்சி அவுக காதுல. ஒருவழியா முடிச்சு, துவட்டி, சட்டையை மாட்டிச் சாய்ச்சு உக்கார வச்சிட்டு மூச்சு வாங்க எதிர்க்க நிக்கேன். என்னையே பாத்தாக. மெதுவா அந்த வலது கையை, அது எப்பவும் முஷ்டி மடங்கினபடி விறைச்சுத்தானே கிடக்கும், அதை இடது கையால தூக்கி நெஞ்சுகிட்ட கொண்டு வந்தாக. அது மேல இடது உள்ளங்கையைப் பொத்தினாக. தலையைக் குனிஞ்சாக.

நான் ஈரத் தரையிலயே முழங்கால் போட்டுட்டேன். ஸ்தோத்திரம்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ரூபி ஓடி வந்துட்டா. அன்னையில இருந்து தினம் குளிப்பாட்டி முடிச்சா அவுக கை கூப்புவாக. தினம்!

ஆனா எங்க ஐயர் இருக்காருல்லா, சபைக் குருவானவரு, புதுசா வந்தவரு, மீசை இன்னும் சரியாப் பிடிக்கல. அவரு நம்பல. நான் போய்ச் சொன்னதும் அப்பம், ரசம் எல்லாம் எடுத்துக்கிட்டு வந்தாரு, அதுல குறை சொல்ல முடியாது. கட்டிலுக்கு முன்னால நின்னு, "ஐயா, ஆண்டவரை ஏத்துக்கிடுதீங்களா, தலையை மட்டும் ஆட்டுங்க போதும்"னு கேட்டாரு. இவுக அவரைப் பாக்கவே இல்ல. அவரு தோளுக்கு மேல பாக்காக. அங்க டிவி. நான் நிறுத்தி வச்ச படம் நிக்கி, விரிச்ச கையோட. அவுக கையை நீட்டி, "பொறவு"ன்னாக. கை கூப்புங்கன்னு நான் கெஞ்சினேன். கூப்பல. ஐயர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அம்மா, அவங்களுக்கு இன்னும் நேரம் கொடுங்க, நான் திரும்ப வாரேன்"னு சொல்லிட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. நேரம் கொடுக்கணுமாம்! நேரத்தை நானா கையில வச்சிருக்கேன்?

அதான் இன்னைக்குச் சாட்சி. சேகரம் பூரா கேட்டுட்டுன்னா ஐயரு என்ன செய்வாரு? அப்பமும் ரசமும் கொடுத்துத்தானே ஆகணும். இப்படிக் கையை வச்சு அவுக எப்படி ஜெபம் பண்ணினாகன்னு மேடையிலயே செஞ்சு காட்டப் போறேன். பாருங்க, வலது கை இப்படி, முஷ்டியா. இடது கை இப்படிப் பொத்தி...

என்ன சிரிக்கீங்க?

என்ன? நர்ஸு இல்லையா? பொறவு அந்த வெள்ளை யூனிபாரம்? கராத்தேயா! பள்ளிக்கூடத்துல பொம்பளைப் பிள்ளைகளுக்கு நீங்களா சொல்லிக் கொடுக்கீங்க? ஏன் முதல்லயே சொல்லல? சரி, சரி, நான்தான் விடல. இருங்க, என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க. இது ஜெபம் இல்லையா?

சண்டைக்காரன் வைக்கிற வணக்கமா. சண்டை தொடங்கும்போதும் வைப்பாக, முடிஞ்ச பொறவும் வைப்பாகளா. யாருக்கு? எதிராளிக்கா. நீ நல்லாச் சண்டை போட்டே, உன்னை மதிக்கேன்னு அர்த்தமா.

இல்லம்மா. அப்படி இருக்காது. ஏன்னா அவுக... இருங்க. ஐயருக்குக் கூப்பல. டாக்டருக்கும் கூப்பினதில்ல. ரூபி கஞ்சி கொடுத்தா தட்டாம கொள்ளாம குடிச்சிட்டு, பேசாமப் படுத்துக்கிடுவாக. என்கிட்டதான் மல்லுக்கட்டுறது. எனக்கு மட்டும்தான், குளிப்பாட்டி முடிச்ச பொறவு, எதிர்க்க நான் மூச்சு வாங்கிட்டு நிக்கும்போது...

கள்ளன்! கள்ள மனுஷன்! நான் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு அழுதேனே, அப்ப அவுக வாய் ஒரு பக்கமாக் கோணிச்சு. வாதத்துல கோணுதுன்னுல்லா நெனைச்சேன். சிரிச்சிருக்காக நர்ஸம்மா. இந்தக் கிழவியைப் பாத்துச் சிரிச்சிருக்காக! முப்பது வருசமாச் சண்டை போட்டவளுக்கு இப்பத்தான் வணக்கம் வைக்காக!

நான் அழல. தூசி.

ஆனா இதுலயும் ஒண்ணு இருக்கு, கேளுங்க. யாக்கோபு விடிய விடிய மல்லுக்கட்டினாரே, யாரோட? ஆண்டவரோடதானே. ஆண்டவர் அவரைச் சபிச்சாரா? ஆசீர்வாதம் பண்ணித்தானே விட்டாரு. அப்ப மல்லுக்கட்டுறதும் ஒரு... ஆமா, நான் எதுலயாச்சும் ஒரு பிரசங்கம் எடுத்துருவேன். அவுகளும் அதான் சொல்லுவாக.

என்ன கேட்டீங்க? அந்தப் படத்துலயா? தண்ணிக்காரனைக் கட்டிப் போட்டானுவ, தலை சாஞ்சுது, அவ்வளவுதான்.

பொறவா?

பொறவு தெரியாதும்மா. நான் பாத்ததில்ல. அங்க நிறுத்திருவேன்னு சொன்னேன்லா. ஆமா, இன்னும் படம் இருக்கத்தான் செய்யும், அடியில அந்தக் கோடு முழுசா ஓடி முடியல, பாத்திருக்கேன். ஆனா பொறவு என்னத்துக்குன்னு...

இன்னொரு தடவை சொல்லுங்க. இப்பக் கேட்டீங்களே, அதே மாதிரி. "பொறவு?" கழுத்தை நீட்டிக்கிட்டு. ஆமா. அப்படியேதான் கேப்பாக. இதே இழுப்பு. பஸ்ஸுல ஏறினதுல இருந்து நீங்களும் அதையேதான் கேக்கீங்க, நான் ஒவ்வொரு தடவையும் கதையைச் சொல்லிட்டு வாரேன். உங்களுக்குச் சொன்னேன். அவுகளுக்கு டிவியை அணைச்சேனே!

ஆயுசு பூரா ஒரு படத்தைப் பாதியில விடாத மனுஷன். அவுகளை ஒவ்வொரு நாளும் பெரிய வெள்ளிக்கிழமையோட நிறுத்தி, சுவத்தைப் பாத்துப் படுக்க வச்சிருக்கேன். நான் உபதேசியார் மகள். ஆண்டவர் உயிர்த்தெழுந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓட விட எனக்குத் தோணல பாருங்க. அந்தத் தண்ணிக்காரன் எந்திரிச்சானோ, இல்லையோ. எந்திரிச்சிருப்பான்னு தோணுதா உங்களுக்கு? நீங்களும் அந்தப் படம் பாத்ததில்லையா. நல்லது. பாத்திருந்தாலும் சொல்லிராதீங்க.

இன்னைக்கு வரும்போது ரூபிகிட்ட, மாமாவுக்குப் படத்தைப் போட்டுவிடு தாயின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். இந்நேரம் போட்டிருப்பா. பாத்துட்டு இருப்பாக. நான் இல்லாததால கடைசி வரைக்கும்...

ஐயோ.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. புஸ்தகத்துக்குக் கீழ பாருங்க, கறுப்பா, நீளமா. எடுங்க. ஆமா, ரிமோட்டுதான். நேத்து நிறுத்திட்டு உள்ள போட்டது. இது இல்லாம அந்த டிவியில ஒண்ணும் ஓடாது. ரூபி வீடு பூராத் தேடிட்டு இருப்பா. அவுக கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாக. அவ என்னத்தைக் கண்டா, தண்ணி வேணுமான்னு கேட்டுட்டு நிப்பா. இதுக்குள்ள அந்த ரெண்டாவது வாதம் வந்துட்டுன்னா?

நகருங்க, நகருங்க. கண்டக்டரய்யா, கதவைத் திறங்க, நான் இறங்கணும். தெரியும்யா, பாளையங்கோட்டைக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், இருந்துட்டுப் போகுது. ரயிலு போயிட்டுல்லா, அந்தா கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கி பாருங்க, அது எங்க ஊரு பஸ்ஸுதான். கேட்டைத் தூக்குறதுக்குள்ள ஓடிப் போய் ஏறிருவேன். முட்டி வலியா? இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். தினம் ஒரு ஆம்பளையைத் தூக்கிக் குளிப்பாட்டுறவளுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

வாரேன் மாஸ்டரம்மா. பிள்ளைகளுக்கு நல்லாச் சொல்லிக் கொடுங்க, அந்த வணக்கத்தையும் சேத்து. என்ன, கூட்டமா? சாட்சியா?

பொறவு தாயி, பொறவு.